இணுவிலுக்குப் போன நிரல்

வலது கை ஒரு துவாயை விரித்து மடிக்கணினியின் திரைமேல் போட்டது. இடது கை அதன் ஓரத்தை இழுத்துப் பின்பக்கமாகச் செருகியது. பிறகு இரண்டும் விசைப்பலகைக்கு வந்தன. மேசையில் சுட்டி இல்லை. அதைக் கழற்றி மேசை லாச்சிக்குள் போட்டாயிற்று.

விரல் அம்புக்குறி விசையைத் தட்டியது. காதில் மாட்டியிருந்த ஹெட்போனில் ஒரு குரல் கோப்பின் பெயரைச் சொன்னது. இன்னொரு தட்டு, அடுத்த கோப்பு. மெனுவைத் திறக்கும் விசை. மேலும் சில தட்டல்களில் ‘சென்ட் டு’ என்ற சொல் வந்தது. என்ரர்.

பிறகு ஒன்றும் கேட்கவில்லை. கைகள் அந்தரத்தில் நின்றன. சுட்டுவிரல் மறுபடியும் என்ரர் விசைவரை போய், அதைத் தொடாமல் திரும்பியது. “ஸ்ரார்ட்டட்” என்றது குரல். கைகள் மேசையில் இறங்கின.

அந்த மௌனம் இன்னும் நீளம்தான். பார்வையுள்ளவருக்கு அந்த நேரத்தில் திரையில் ஒரு சிறு வட்டமாவது சுழலும். துவாய்க்கு இந்தப் பக்கம் இருப்பவருக்கு, நிரல் வேலை செய்கிறதா, செத்துவிட்டதா என்று சொல்ல எதுவுமில்லை.

கைகள் லெனாட்டினுடையவை. குருநகரில் கடற்கரை வீதியோரமாக, ஒரு ஐஸ் கடைக்கும் ஒரு சைக்கிள் கடைக்கும் நடுவில், கணினி திருத்தும் கடை வைத்திருக்கிறார். தகப்பன் சூசைதாசனுக்குச் சொந்தமாக ஒரு படகு. இரண்டு தமையன்மாரும் கடலுக்குப் போகிறவர்கள். லெனாட்டுக்குக் கடல் ஒத்துக்கொள்ளவில்லை. படகு கரையை விட்டுக் கொஞ்சம் போனதுமே வாந்தி வந்துவிடும். “குருநகரிலை பிறந்து அலைக்குப் பயந்தவன் நீ ஒருத்தன்தான்” என்று தமையன்மார் இப்போதும் பகிடி பண்ணுவார்கள். “நான் அலைக்குப் பயப்பிடேல்லை, நீங்கள் படகோட்டிற விதத்துக்குத்தான் பயந்தனான்” என்பது அவருடைய வழக்கமான பதில்.

பள்ளிக்கூடம் முடிந்ததும், தொலைபேசியும் போட்டோக்கொப்பியும் வைத்திருந்த ஒரு கொமினிகேசன் கடையில் விண்ணப்பங்கள் தட்டச்சுச் செய்யும் வேலைக்குப் போனார். அங்கே பழுதான கணினிகளைத் திறந்து பார்த்துத் திருத்தக் கற்றார். பிறகு தனிக்கடை. எந்தக் கணினியைத் திருத்தினாலும், கடைசி வேலையாக அதில் பாமினி எழுத்துருவைப் போட்டுக் கொடுப்பார். குடாநாட்டில் அச்சகம், பாடசாலை, கோயில், தேவாலயம் எல்லாவற்றிலும் நீண்ட காலமாக அந்த எழுத்துருவில்தான் தமிழ் எழுதப்பட்டது. அது உண்மையில் ஒரு வேடம். ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் எழுத்துகளின் உருவத்தைப் போர்த்திவிட்டிருக்கிறார்கள். பார்க்கிற மனிதருக்கு அது தமிழ். கணினிக்கு அது அர்த்தமில்லாத ஆங்கிலக் கூட்டம். எழுத்துரு இல்லாத தொலைபேசியில் திறந்தால் வேடம் கலைந்துவிடும்.

தொலைபேசிகள் பெருகியபோது அச்சகத்துக்காரர்கள் இந்தச் சிக்கலோடு கடைக்கு வரத் தொடங்கினார்கள். எந்தக் கருவியிலும் தமிழாகவே நிற்கும் யூனிகோட்டுக்கு மாற்றித் தரச் சொன்னார்கள். அதற்காகத்தான் லெனாட் பைதன் என்ற நிரல்மொழியைக் கற்றார். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. இணையத்தில் கிடைத்த பாடங்களை அகராதியோடு வாசித்தார். எழுதியதை ஓடவிட்டார். பிழைச் செய்தி வந்தால், அதை ஒரு சொல்லும் விடாமல் வாசித்துவிட்டுத்தான் அடுத்த வரிக்குப் போவார். எஞ்சின் சத்தத்தைக் கேட்டே எங்கே கோளாறு என்று சொல்கிற வீட்டில் வளர்ந்தவர். பிழைச் செய்தியை அவசரமாக மூடிவிட்டுப் போகிறவர்கள் அவருக்கு விநோதமானவர்களாகத் தெரிந்தார்கள்.

அப்படி எழுதிய நிரல் அவருடைய கணினியில் நன்றாக ஓடியது. கட்டளை தட்டும் கறுப்புச் சாளரத்தைத் திறந்து, நிரலின் பெயரையும் கோப்பின் பெயரையும் தட்டினால், பக்கத்தில் யூனிகோட் கோப்பு ஒன்று வந்துவிடும். அவரைத் தவிர வேறு யாரும் அதை ஓட்டியதில்லை. ஓட்ட வேண்டிய தேவையும் வரவில்லை, இணுவிலிலிருந்து சுபாஸ்கரன் வரும்வரை.

சுபாஸ்கரன் உயர்தர வகுப்புக்கு இந்து நாகரிகம் படிப்பிக்கிற ஆசிரியர். இருபது வயதளவில் கண்நோயொன்று மெல்லமெல்லப் பார்வையைக் கொண்டுபோய்விட்டது. பட்டப்படிப்பைக் கேட்டே முடித்தார். அவருடைய பாடக்குறிப்புகள் எல்லாவற்றையும் அவர் சொல்லச்சொல்லத் தட்டச்சுச் செய்தவள் தங்கை கீர்த்திகா. வகுப்புக்கு முந்தின மாலையில் அவற்றை வாசித்துக் காட்டுபவளும் அவள்தான். இருவரும் ஒன்றாகத்தான் கடைக்கு வந்தார்கள்.

“அண்ணை, லப்ரொப் ஓடுது, அதிலை பிழையில்லை,” என்று லெனாட்டிடம் சொன்னாள் கீர்த்திகா. “நீங்கள் பாமினியை யூனிகோட் ஆக்கிக் குடுக்கிறியள் எண்டு அச்சகத்திலை சொல்லிச்சினம். அதுக்குத்தான் வந்தனாங்கள்.”

சுபாஸ்கரன் மேசையைத் தடவி மடிக்கணினியை வைத்துத் திறந்தார். அதில் திரையை வாசிக்கும் மென்பொருள் ஒன்று இருந்தது. யூனிகோட்டில் எழுதிய ஒரு செய்தியை முதலில் திறந்தார். குரல் அதைத் தமிழில் ஒழுங்காக வாசித்தது. பிறகு ஒரு பாடக்குறிப்பைத் திறந்தார். அதே குரல் ஆங்கில எழுத்துகளைக் கொட்டத் தொடங்கியது. லெனாட்டுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உடனே வாயை மூடிக்கொண்டார்.

“சிரியுங்கோ, பிழையில்லை,” என்றார் சுபாஸ்கரன். “எனக்குப் பழகிப்போச்சு. ‘ஆர் பி ஜே’ எண்டு தொடங்கினால் சித்தாந்தம். கடைசி வாங்கிலை நித்திரை கொள்ளிறவங்களை எழுப்ப இதைத்தான் சத்தமாப் போட்டு விடுறனான்.”

“அண்ணாவுக்கு எல்லாம் பகிடி,” என்றாள் கீர்த்திகா. “எனக்கு வீசா வந்திட்டுது, அண்ணை. கலியாணம் எழுதியாச்சு, நான் கனடா போகவேணும். அதுக்குப் பிறகு ஆர் வாசிச்சுக் காட்டிறது?”

விஷயம் அதுதான். பாடசாலை அதிபரும் அதை அறிந்திருந்தார். நல்ல மனிதர். அடுத்த தவணையிலிருந்து உயர்தர வகுப்பை வேறு ஒருவரிடம் கொடுத்துவிட்டு நூலகத்தைப் பொறுப்பெடுக்கும்படி சுபாஸ்கரனிடம் கேட்டிருந்தார். அது அவருக்கும் சுகம் என்றார். அது கருணையிலிருந்து வந்தது என்பது சுபாஸ்கரனுக்கு விளங்கியது. அதனாலேயே மறுப்பது கடினமாக இருந்தது. தவணை தொடங்குமுன் பதில் சொல்ல வேண்டும்.

“எனக்கு நூலகமாம், லெனாட்,” என்றார். “யோசிச்சுப் பாருங்கோ. கண் தெரியாதவனுக்கு ஒரு மண்டபம் நிறையப் புத்தகம்.”

லெனாட் அன்றைக்கே குறிப்புகள் முழுவதையும் மாற்றிக் கொடுத்தார். பெரிய வேலையில்லை. ஆனால் சில நாட்களிலேயே சுபாஸ்கரன் தனியாக முச்சக்கரவண்டியில் வந்து இறங்கினார். கல்வி வலயத்து ஆசிரியர்கள் தயாரித்த மாதிரி வினாத்தாள் ஒன்று மின்னஞ்சலில் வந்திருந்தது. அதுவும் பாமினி.

“இது முடியாது, சேர்,” என்றார் லெனாட். “வந்துகொண்டுதான் இருக்கும். நீங்கள் அனுப்புங்கோ, நான் மாத்தி அனுப்புறன்.”

“அனுப்பலாம். அப்ப தங்கச்சிக்குப் பதிலா நீங்கள். அவ்வளவுதானே வித்தியாசம்.” சுபாஸ்கரன் தொடர்ந்தார்: “குறை நினையாதேங்கோ. எனக்கு மாத்தித் தாறது வேண்டாம். மாத்திற சாமானைத் தாங்கோ. பொத்தான், படம் ஒண்டும் வேண்டாம். அது கதைச்சால் காணும், நான் கேப்பன்.”

“அதுக்கென்ன சேர், கொப்பி பண்ணித் தாறன்,” என்றார் லெனாட்.

இதைச் சொன்னபோது அவர் உண்மையாகவே அப்படித்தான் நினைத்தார்.

வீட்டுக்குப் போய், செய்ய வேண்டியவற்றை ஒரு தாளில் அடித்து, மனைவி றெஜினாவிடம் கொடுத்தார். றெஜினா முன்பள்ளி ஆசிரியை. கணினியில் கடிதம் அடிக்கத் தெரியும். அதற்கு மேல் அக்கறையில்லை. அவளால் தனியாகச் செய்ய முடிந்தால் யாராலும் முடியும் என்று கணக்குப் போட்டார்.

“இஞ்சேருங்கோ,” என்றாள் அவள். “முதல் வரியிலையே ‘பைதனை நிறுவுக’ எண்டு கிடக்குது. எங்கை நிறுவிறது, வீட்டு முத்தத்திலையோ?”

“இறக்கிப் போடுறது. அடுத்த வரியைப் பாரும்.”

“அடுத்த வரி இங்கிலீசிலை கிடக்குது. அதுக்கடுத்தது இங்கிலீசும் இல்லை. உந்த மனிசனுக்குக் கண்தான் தெரியாது எண்டனீங்கள். நீங்கள் அவருக்குத் தண்டனை குடுக்கிறியள் போலை கிடக்கு.”

தாளை வாங்கி மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார் லெனாட். அந்த வரிகள் ஒவ்வொன்றும் அவருக்குப் பழக்கம். தன் கணினியில் பைதன் இருக்கிறது, அதன் துணைத் தொகுதிகள் இருக்கின்றன, எந்தக் கோப்புறையில் நின்று தட்ட வேண்டும் என்று கைக்குத் தெரியும். இவையெல்லாம் நிரலின் பகுதிகள் என்று அவர் அதுவரை நினைத்ததே இல்லை. எழுதியது நூற்றுச் சொச்சம் வரிதான். ஆனால் ஓடியது அவருடைய கணினி முழுவதும், கூடவே அவரும்.

தகப்பன் தன் எஞ்சினை யாருக்காவது இரவல் கொடுத்தால் அதன் குணத்தையும் சொல்லிக் கொடுப்பார். முதலில் கயிற்றைச் சும்மா இழு, பிறகு பலமாக இழு, சூடேறினால் கொஞ்சம் ஓய விடு. அப்படியும் மனம் கேளாமல் அன்றைக்கு அந்தப் படகிலேயே ஏறிப் போய்விடுவார். நிரலோடு இணுவிலுக்குப் போய் உட்கார்ந்திருக்க முடியாது. ஆகவே அதன் குணங்களைச் சொல்லிக் கொடுத்துப் பயனில்லை. குணங்களை எடுத்துவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். மாற்றும் நிரலை எழுத ஒரு வாரம் போயிருக்கும். குணங்களை எடுக்க அந்தத் தவணை விடுமுறையில் பெரும்பகுதி போயிற்று.

முதலில், பைதனையும் துணைத் தொகுதிகளையும் நிரலோடு சேர்த்து ஒரே கோப்பாகக் கட்டித் தரும் கருவியொன்றைப் பிடித்தார். வாங்குகிறவர் எதையும் நிறுவத் தேவையில்லை. அதை றெஜினாவிடம் கொடுத்து இரண்டு தரம் சொடுக்கச் சொன்னார்.

“மின்னினது,” என்றாள் அவள். “கறுப்பா ஒண்டு வந்து மின்னிப்போட்டுப் போட்டுது. நான் ஏதும் உடைச்சுப்போட்டனோ?”

அவள் எதையும் உடைக்கவில்லை. கோப்பு எதையும் கொடுக்காததால் நிரல் ஒரு வரி சொல்லிவிட்டு மூடிக்கொண்டது. சொன்னதை வாசிக்க நேரமில்லை. ஆனால் தான்தான் பழுதாக்கிவிட்டேனோ என்று அவள் கேட்ட விதம் லெனாட்டைத் தைத்தது. கடைக்கு வருகிறவர்களும் அப்படித்தான் கேட்பார்கள். பயன்படுத்துகிறவரைக் குற்றவாளியாக்குகிற நிரல் இன்னும் முடியாத நிரல் என்று அவருக்குத் தோன்றியது.

அதற்கு எல்லோரும் செய்கிற ஒரு எளிய வழி இருந்தது. நாலைந்து வரியில் ஒரு கட்டளைக் கோப்பு எழுதி அதை முன்னால் நிறுத்தினார். அது நிரலை அழைக்கும். வேலை முடிந்ததும் ஒரு விசை தட்டும்வரை சாளரத்தை மூடாமல் வைத்திருக்கும். ‘சென்ட் டு’ பட்டியலிலும் அந்தக் கட்டளைக் கோப்பையே சேர்த்தார். எந்தக் கோப்பின்மேல் நின்றாலும் அதை நிரலுக்கு அனுப்பலாம், சுட்டி தேவையில்லை.

இணுவிலுக்குக் கொண்டுபோன முதல் நாள் ஒன்றும் சரிவரவில்லை. வைரஸ் தடுப்பு மென்பொருள் அந்த ஒற்றைக் கோப்பைக் கண்டதும் சந்தேகப்பட்டு, சத்தமில்லாமல் அழித்துவிட்டது. இரண்டாவது பிரதியை அது விட்டபோது, கோப்பு தன்னைத்தானே விரித்துக்கொள்ள அந்தப் பழைய மடிக்கணினியில் நெடுநேரம் எடுத்தது. அந்த நேரம் முழுக்க மௌனம். லெனாட் தன் கோப்புறையோடு கொண்டுவந்திருந்த குறிப்பைச் சுபாஸ்கரன் மறுபடியும் அனுப்பினார். மறுபடியும். சற்றுப் பொறுத்து மூன்று சாளரங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்து, குரல் ஒன்றைச் சொல்லி முடிக்குமுன் அடுத்ததற்குத் தாவியது. எத்தனை வீதம் முடிந்தது என்று காட்ட லெனாட் ஆசையோடு எழுதியிருந்த வரி, புதுப்பிக்கப்படும் ஒவ்வொரு முறையும் வாசிக்கப்பட்டது.

“வன் பேர்சென்ட், ரூ பேர்சென்ட், வன் பேர்சென்ட்,” என்று தானும் சேர்ந்து சொன்னாள் கீர்த்திகா. “அண்ணை, இது திருவிழாவிலை ஏலம் விடுறது மாதிரி இருக்கு.”

“எனக்கு அதிலை ஒண்டும் விளங்கேல்லை,” என்றார் சுபாஸ்கரன், சிரிக்காமல். “இது ஓடுதெண்டால் ஓடுது எண்டு ஒருக்காச் சொல்லட்டும். முடிஞ்சால் முடிஞ்சுது எண்டு சொல்லட்டும். இடையிலை வாயை மூடட்டும்.”

துவாய் போட்டுப் பார்க்கத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். தன் கண்ணை நம்பிச் செய்தவை எல்லாம் துவாய்க்குக் கீழே ஒவ்வொன்றாக அகப்பட்டன. ஒற்றைக் கோப்பைக் கைவிட்டு, எல்லாம் முன்கூட்டியே விரித்து வைத்த ஒரு கோப்புறையாகக் கட்டினார். பார்ப்பதற்கு அலங்கோலம்; ஆனால் முன்னையதைவிடக் கெதியாகத் தொடங்கியது, வைரஸ் தடுப்பும் சந்தேகப்படவில்லை. சுபாஸ்கரனுடையது பழைய இயங்குதளம் என்பதால், கடையில் மூலையில் கிடந்த அதே வயதுள்ள ஒரு கணினியைத் துடைத்து எடுத்து, அதில் ஓடக்கூடிய கடைசிப் பைதன் பதிப்பைப் போட்டு, அங்கேயே கட்டினார். புதியதில் கட்டினால் பழையதில் ஓடாது. வீதக் கணக்கு போயிற்று. கறுப்புச் சாளரத்தில் தமிழை அச்சிட்டால் கேள்விக்குறிகளாக வந்ததால், தொடக்கத்தில் ஒன்றும் முடிவில் ஒன்றுமாக இரண்டு சிறிய ஆங்கிலச் சொற்கள் மட்டும். முடிந்ததும் புதிய கோப்பு தானாகத் திறக்கும்.

துவாயின் கீழ் எல்லாம் சரியாக வந்தது. பட்டணத்துக்குச் சாமான் வாங்க வந்த கீர்த்திகாவிடம் பென்ட்ரைவில் போட்டுக் கொடுத்தனுப்பினார்.

மறுநாள் சுபாஸ்கரனிடமிருந்து தொலைபேசி வந்தது. “‘பைல் நொட் பவுண்ட்’ எண்டுது, லெனாட்.”

“எந்தக் கோப்புக்குச் சேர்?”

“எல்லாத்துக்கும்.”

லெனாட் தன்னிடமிருந்த அதே கோப்புகளை, அதே பெயர்களோடு, கடையிலிருந்த பழைய கணினியில் ஓட்டிப் பார்த்தார். எல்லாம் மாறின. மறுபடியும் கட்டி மின்னஞ்சலில் அனுப்பினார். அங்கே மறுபடியும் கோப்பைக் காணவில்லை. இருக்கிற கோப்பை இல்லையென்று சொல்கிற நிரல் அவருக்கு நின்றுபோன எஞ்சினைவிட மோசமாகப் பட்டது. நின்றுபோனது குறைந்தபட்சம் பொய் சொல்வதில்லை. வார முடிவில் கீர்த்திகா தனியாகத் தொலைபேசி எடுத்துக் கதைத்தாள். குரலைத் தாழ்த்தியிருந்தாள்.

“அண்ணை, உங்களை அந்தரப்படுத்திறன் எண்டு நினையாதேங்கோ. திங்கட்கிழமை அதிபரிட்டைச் சொல்லவேணும். அண்ணா நூலகத்தையே எடுக்கப்போறன் எண்டு சொல்லுறார். எனக்குச் சொல்லேல்லை, அம்மாவுக்குச் சொன்னவர்.”

லெனாட் கடையைப் பூட்டிவிட்டுக் காங்கேசன்துறை வீதியால் இணுவிலுக்கு மோட்டார் சைக்கிளை விட்டார்.

இந்த முறை தான் எதையும் தொடுவதில்லை என்று முடிவு செய்திருந்தார். கதிரையைச் சுபாஸ்கரனின் பக்கத்தில் போட்டுக்கொண்டு, கைகளை மடியில் வைத்தார். “நீங்கள் வழக்கமாச் செய்யிறதைச் செய்யுங்கோ, சேர். நான் கேக்கிறன்.”

சுபாஸ்கரன் செய்தார். பிழைச் செய்தி வந்தது. கிடைக்காத கோப்பின் பெயரை நிரல் சொன்னது. குரல் அதை ஒரே மூச்சில் ஒரு சொல்லாக வாசித்தது.

“என்ன பேர் சொல்லுது?”

“பொறுங்கோ, எழுத்தெழுத்தாக் கேப்பம்.” அம்புக்குறியை ஒவ்வொன்றாகத் தட்டினார். டி என்ற டிரைவின் பெயருக்குப் பின், எஃப், டபிள்யூ, பி, ஜி. அத்தோடு நின்றது. “கோப்பின்ரை பேரே இல்லை. ‘குறிப்பு’ எண்ட கோப்புறையோடை நிண்டிட்டுது. அதுவும்…” அவர் அந்தச் சாளரத்தை விட்டு வெளியே போய், கோப்புறையின் பெயர்மேல் நின்று அதையும் எழுத்தெழுத்தாகக் கேட்டார். எஃப், டபிள்யூ, பி, ஜி, செமி, ஜி. திரும்பப் போய்ப் பிழைச் செய்தியைக் கேட்டார். “இஞ்சை பாருங்கோ. கோப்புறையிலை ‘ஜி’க்குப் பிறகு ‘செமி’ எண்டு ஒண்டு கிடக்கு. உங்கடை நிரல் அதுக்கு முன்னாலை அறுத்துப்போட்டுது. முழுசா வாசிக்கேக்கை குரல் அதைச் சொல்லாது. எழுத்தெழுத்தாக் கேட்டால்தான் சொல்லும்.”

லெனாட் திரையைப் பார்த்தார். அந்தப் பெயரை எத்தனையோ முறை பார்த்திருந்தார். கீர்த்திகா பாமினிக்குப் பழகிய விரல்களால் ‘குறிப்பு’ என்று தட்டியிருக்கிறாள். எழுத்துரு இல்லாத இடத்தில் அது ஆங்கில எழுத்துகளாக நிற்கிறது. பாமினியில் மெய்யெழுத்தின் புள்ளி, அரைப்புள்ளி விசையில் இருக்கிறது. ‘ப்’ வரும் இடத்தில் அரைப்புள்ளி. குடாநாட்டில் தட்டச்சுச் செய்கிற யாருக்கும் அது அரைப்புள்ளியாகத் தெரியாது, லெனாட்டுக்கும் தெரிந்ததில்லை. அவருடைய கண் அதைத் தமிழ்ப் புள்ளியாகவே வாசித்துக் கடந்துபோயிருந்தது.

மிச்சம் தானாக விளங்கியது. குற்றவாளி நிரல் அல்ல. சாளரத்தைத் திறந்து வைக்க முன்னால் நிறுத்திய அந்த நாலைந்து வரிக் கட்டளைக் கோப்பு. அதற்கு அரைப்புள்ளி என்றால் இங்கே ஒரு பெயர் முடிந்தது, அடுத்தது தொடங்குகிறது என்று அர்த்தம். கடையில் அவர் எல்லாவற்றையும் போட்டிருந்த கோப்புறையின் பெயரில் ஓர் இடைவெளி இருந்தது. இடைவெளி உள்ள பெயர்களை விண்டோஸ் மேற்கோள் குறிக்குள் பொதிந்து அனுப்பும். பொதிந்ததை எதுவும் அறுக்காது. அதனால் அங்கே தப்பியது; முதல் நாள் அந்தக் கோப்புறையையே கொண்டுவந்ததால் இங்கேயும் தப்பியது.

“அப்ப என்ரை பிழையே?” என்றாள் கதவடியில் நின்ற கீர்த்திகா. “நான் தட்டின பேராலைதானே. இருங்கோ, போறதுக்கு முதல் எல்லாப் பேரையும் மாத்தி வைக்கிறன். இங்கிலீசிலை வைக்கிறன்.”

“வேண்டாம் தங்கச்சி,” என்றார் லெனாட். “நீங்கள் மாத்தினால் உங்கடை கோப்புத்தான் சரிவரும். வலயத்திலையிருந்து வாறதையும் இப்பிடித்தான் தட்டியிருப்பினம். இஞ்சை எல்லாரும் இப்பிடித்தான் பேர் வைக்கிறது. அதை நிரல்தான் பழகவேணும்.”

“கேட்டியே,” என்றார் சுபாஸ்கரன் தங்கையிடம். “உனக்கு இஞ்சை இனி வேலையில்லையாம்.”

“போக முதலே என்னைக் கலைச்சு விடுறியள்,” என்றாள் அவள். ஆனால் உள்ளே போகவில்லை.

திருத்தம் சிறியது; ஆனால் கட்டும் கணினி குருநகரில் இருந்தது. லெனாட் திரும்பிப் போனார். கட்டளைக் கோப்பை அழித்தார். சாளரத்தைத் திறந்து வைக்கும் வேலையை நிரலுக்குள்ளேயே எழுதி, ‘சென்ட் டு’ பட்டியலில் இடையில் யாருமில்லாமல் நிரலையே நேரே சேர்த்தார். புள்ளி நிறைந்த பெயர்களாகத் தேடி, இடைவெளி இல்லாத கோப்புறைகளில் போட்டு, ஒவ்வொன்றாக ஓட்டினார். பிழைச் செய்திகளையும் மறுபடியும் எழுதினார். தொலைபேசியில் ஒருவர் மற்றவருக்குச் சொல்லக்கூடிய நீளத்துக்கு மேல் ஒன்றும் இருக்கக்கூடாது என்று வைத்துக்கொண்டார். கடைசியாக, பழையதைத் துடைத்துப் புதியதை அந்த இடத்தில் வைக்கும் ஒரு சிறு நிறுவியையும் செய்தார். அதற்கு என்ரர் விசை மட்டும் போதும்.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பூசை முடிந்து, நேரே இணுவிலுக்குப் போனார். வீட்டில் கீர்த்திகாவின் சூட்கேஸ் ஒன்று திறந்தபடி கிடந்தது. மிளகாய்த்தூள் பைகளை நிறுத்து அடுக்கிக்கொண்டிருந்தாள். லெனாட் பென்ட்ரைவை மடிக்கணினியில் செருகிவிட்டு, அறையை விட்டு வெளியே வந்து விறாந்தையில் உட்கார்ந்தார்.

“தனியவோ?” என்றார் உள்ளே இருந்தவர்.

“தனியத்தான் சேர். நான் இஞ்சை இல்லை எண்டு நினையுங்கோ. இருந்தாலும் நான் ஒண்டும் சொல்லமாட்டன்.”

உள்ளே விசைகள் தட்டப்படும் சத்தம் கேட்டது. குரல் ஏதோ சொன்னது. ஒரு நீண்ட இடைவெளி. லெனாட் எழும்பப் பார்த்தார். கீர்த்திகா கையைக் காட்டி இருக்கச் சொன்னாள். “ஸ்ரார்ட்டட்” என்ற சொல் வந்தது. மறுபடியும் அமைதி. யாரும் இரண்டாம் தரம் அனுப்பவில்லை. “டன்” என்றது குரல்.

அதற்குப் பிறகு தமிழ் வந்தது. அன்று காலை வலயத்திலிருந்து வந்த, அந்த வீட்டில் யாரும் இன்னும் வாசிக்காத வினாத்தாள். சோழர் காலக் கோயிற்கலை பற்றிய முதலாவது வினாவைக் குரல் தட்டையாக, நிறுத்தக்குறிகளுக்கு மதிப்புக் கொடுக்காமல் வாசித்தது. கீர்த்திகா கையிலிருந்த பையைச் சூட்கேஸுக்குள் வைக்காமல் பிடித்தபடியே நின்றாள். மூன்றாவது வினாவில் குரல் நின்றது. அறைக்குள்ளிருந்து சுபாஸ்கரன் சொல்வது கேட்டது, யாருக்கு என்றில்லாமல்:

“உது பிழையான கேள்வி. ரெண்டு விடை வரும். நாளைக்கு விடுமுறை வகுப்பிலை பெடியளுக்குச் சொல்லவேணும்.”

லெனாட் எழுந்து உள்ளே போனார்.

“நாளைக்கு அதிபரையும் சந்திக்கவேணுமே, சேர்.”

“ஓம். வகுப்பு முடிஞ்சாப் பிறகு போய்ச் சொல்லுவன். நூலகத்துக்கு நல்ல ஒரு ஆளைப் பாக்கச் சொல்லி.” அவர் கதிரையைத் திருப்பினார். “இது பழுதானால்?”

“பழுதானால் என்ன எண்டு அது உங்களுக்குச் சொல்லும். அது சொன்னதை நீங்கள் எனக்குச் சொல்லுங்கோ.”

“வவுனியாவிலை எனக்கொரு கூட்டாளி இருக்கிறார். அவரும் என்னை மாதிரித்தான். கேட்டால் குடுக்கலாமோ?”

“தாராளமாக் குடுங்கோ. அதுக்கு நான் வரத்தேவையில்லை, இதிலை எல்லாம் இருக்கு.”

லெனாட் மடிக்கணினியிலிருந்து பென்ட்ரைவைக் கழற்றினார். மற்றவற்றோடு கலந்தாலும் விரலுக்குத் தெரியட்டும் என்று அதன் துளையில் வலை நூலைக் கோத்து ஒரு முடிச்சுப் போட்டிருந்தார். சுபாஸ்கரன் கையை நீட்டினார். அந்த உள்ளங்கையில் அதை வைத்து, விரல்கள் முடிச்சைக் கண்டுபிடிக்கும்வரை பிடித்திருந்துவிட்டு, விட்டார்.